எதிர்மறை அறிகுறியா, குறைவு அறிகுறியா?

அனைவருக்கும் வணக்கம்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயில் பேச்சு, முனைப்பு போன்றவை தேய்ந்துபோவதை ஆங்கிலத்தில் negative symptom என்கிறார்கள். அதற்கு 'எதிர்மறை அறிகுறி' என்பது பத்திரிகைகளில் பழகிவிட்டது, மனச்சிதைவு அளவுகோலின் தமிழ் வடிவத்திலும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பழகியது உண்மைதான். ஆனால் இந்த வேலைக்கு அது ஆகாது. அவர் சொன்ன 'ஏற்புடைமை' (validity), 'நம்பகம்' (reliability) இரண்டும் சரி, அவற்றில் எனக்கு மறுப்பில்லை.

மனச்சிதைவின் அறிகுறிகளை மதிப்பிடும் பான்ஸ் (PANSS) அளவுகோலின் 30 கூறுகளில் 7 இந்த negative வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பிறரோடு பழகாமல் ஒதுங்குவது போன்றவற்றை வீட்டார் சொல்வதை வைத்துத்தான் மதிப்பிடுகிறோம். செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையனின் அம்மாவிடம் 'எதிர்மறை' என்று சொல்லிப் பாருங்கள். "ஆமாங்க, எதைச் சொன்னாலும் முடியாதும்பான்" என்பார். அது அவநம்பிக்கை, மனச்சோர்வின் பக்கம் போய்விடும். அளவுகோலைச் சரிபார்க்கும்போது முக்கியமாகப் பார்ப்பதே இது மனச்சோர்விலிருந்து பிரிந்து நிற்கிறதா என்பதைத்தான். அதற்காகவே கால்கரி மனச்சோர்வு அளவுகோலையும் கூடவே வைத்து ஒப்பிடுகிறார்கள். நாம் வைக்கும் பெயரே இரண்டையும் கலந்துவிட்டால் அப்புறம் எண்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதே அம்மாவைத் தானாகப் பேசவிட்டால், "பேச்சு கொறஞ்சு போச்சுங்க. சோறு வெச்சா சாப்பிடுவான், என்ன கொழம்புன்னு கேக்கமாட்டான்" என்பார். நமக்கு வேண்டிய சொல் அவர் வாயிலேயே இருக்கிறது. இல்லாத குரல் கேட்பது மிகை அறிகுறி (positive symptom). இருந்தது தேய்ந்துபோவது குறைவு அறிகுறி.

குழுவில் வந்த 'குன்றல்' என்ற பரிந்துரை ஓசைக்கு அழகுதான். ஆனால் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று காலம்காலமாக எழுதிவந்த ஊரில் அறிவுத்திறன் குறைபாட்டோடு சேர்த்துத்தான் அதைப் படிப்பார்கள். இந்தக் குடும்பங்களுக்கு அந்தக் குழப்பத்தையும் தர வேண்டாம். வெறும் 'குறை' என்றாலோ பழி சொல்வதுபோல் இருக்கிறது. அதனால்தான் 'குறைவு'.

2006இல் வெளியான அமெரிக்க நிபுணர் குழுவின் இசைவறிக்கை சொல்லும் ஐந்து கூறுகளுக்கும் இது பொருந்துகிறது: உணர்ச்சி வெளிப்பாட்டுக் குறைவு, பேச்சுக் குறைவு, உறவாடல் குறைவு, இன்ப உணர்வுக் குறைவு, முனைப்புக் குறைவு. உறவாடலில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் இருப்பவர் யாரையும் பார்க்கப் போகவில்லை என்றால் ஆசை இல்லையா, பஸ் இல்லையா? பிற்பாடு வந்த, இந்தக் குறைவு அறிகுறிகளை மட்டும் மதிப்பிடும், 13 கூறுகள் கொண்ட பி.என்.எஸ்.எஸ். (BNSS) அளவுகோல் நடத்தையைத் தனியாகவும் உள்ளே இருக்கும் விருப்பத்தைத் தனியாகவும் மதிப்பிடுகிறது. ஆகவே நமக்கும் இரண்டு சொல் வேண்டும்: 'உறவாடல் குறைவு', 'உறவு நாட்டக் குறைவு'. பேச்சுக் குறைவுக்கும் இப்படி ஒரு குறிப்பு எழுத வேண்டும். டாக்டர் முன்னால் மரியாதைக்காக ஒற்றை வார்த்தையில் பதில் சொல்பவருக்கு மதிப்பெண் ஏறிவிடக் கூடாது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. பி.என்.எஸ்.எஸ்.இல், துயரப்பட வேண்டிய இடத்திலும் துயரம் எழாததற்கு ஒரு கூறு உண்டு. அதைத் 'துயரக் குறைவு' என்றால் நோயாளி தேறிவிட்டார் என்றே படிப்பார்கள். 'துயர் உணராமை' என்று தனியாக வைக்கலாமா? குறைவு என்ற வரிசை அங்கே உடைந்தாலும் பரவாயில்லை என்பேன். மருத்துவமனையில் வீட்டாரோடு தினமும் பேசுகிற அம்மாக்கள், ஐயாக்கள் சொல்லுங்கள்.