லாட்ஜில் ஆளும் கூடிவிட்டது, நிதியும் கூடிவிட்டது: ஆண்டறிக்கையில் என்ன எழுதுவது?

செயலாளர்_பாடு:
நான் ஃப்ரீமேசன் என்ற பழைய சகோதரத்துவச் சங்கத்தின் ஒரு கிளைக்கு, அதாவது லாட்ஜுக்கு, செயலாளர். (லாட்ஜ் என்றதும் ரூம் வாடகை கேட்காதீர்கள், அந்தக் கிண்டல் வீட்டிலேயே போதுமான அளவு நடக்கிறது.) சில வருடமாக ஒருவரும் சேராமல் கிடந்த இடத்தில் இந்த ஆண்டு ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள், தர்ம நிதி வசூலும் போன ஆண்டைப் போல இரண்டு மடங்கு. அடுத்த மாதம் லாட்ஜின் தலைவராகப் பதவியேற்கிற புது மாஸ்டர், "வருகிற ஆண்டு பத்துப் பேர், நிதி இன்னும் இரண்டு மடங்கு" என்று அறிவிக்கத் துடிக்கிறார். மூத்தவர்கள் சிலரோ "இது லாட்ஜா, வசூல் கமிட்டியா?" என்று முணுமுணுக்கிறார்கள். அறிக்கை எழுத வேண்டியவன் நான். எதை எழுத, எதை விட?

முன்னாள்_மாஸ்டர்:
வாழ்த்துகள் சகோதரரே. ஆனால் சேர்ந்தவர் கணக்கை மட்டும் வைத்துக் குதிக்காதீர்கள். ஏழு பேர், ஆளுக்கு மூன்று டிகிரி (உறுப்பினர் படிப்படியாக ஏறும் நிலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சடங்கு), தனித்தனியாகச் செய்தால் 21 சடங்கு. ஒரு டிகிரிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வேறு விட வேண்டும். வருடத்துக்கு உங்களுக்கு எத்தனை கூட்டம்? எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த அதே நான்கைந்து பேர்தான் ஒவ்வொரு முறையும் நிற்பார்கள். நாங்களும் ஒரு வருடம் ஆசைப்பட்டு இரண்டிரண்டு பேராக ஓட்டினோம், வார்டன் (மாஸ்டருக்கு அடுத்த பொறுப்பாளர்) பாதியில் மறந்து நிற்க, பக்கத்தில் இருந்தவர் கிசுகிசுத்து எடுத்துக் கொடுத்தது அறை முழுக்கக் கேட்டது. சேர்ந்தவர்களில் பாதிப்பேர் மூன்றாம் டிகிரி முடிந்த கையோடு காணாமல் போனார்கள். மாஸ்டர் மேசன் (மூன்றாம் டிகிரி முடித்தவருக்கு அந்தப் பெயர்) ஆகியாயிற்று, அப்புறம் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, தப்பு எங்கள் மேல்தான். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.

கணக்கு_வழக்கு:
எங்கள் லாட்ஜில் நான் பொருளாளர். அந்த இரண்டு மடங்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். விருந்து, குலுக்கல் என்று வந்த மொத்தத்தைச் சொல்கிறீர்களா, செலவு போக மிச்சத்தையா? ஒரே ஒருவர் தந்த பெரிய காசோலை உள்ளே இருக்கிறதா? இருந்தால் அடுத்த ஆண்டும் அது வரும் என்று நம்பி புது மாஸ்டர் மாட்டிக்கொள்வார். சந்தாவும் தர்ம நிதியும் ஒரே கணக்கில் கிடந்தால் முதல் வேலையாகப் பிரியுங்கள். அமெரிக்காவில் ஷ்ரைனர்கள் (அவர்களும் மேசன்கள்தான்) 1920-ல் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தீர்மானம் போட்டபோது ஆளுக்கு ஆண்டுக்கு 2 டாலர் என்றுதான் வைத்தார்கள், 1922-ல் ஷ்ரீவ்போர்ட்டில் முதல் மருத்துவமனை வந்துவிட்டது. சின்னத் தொகைதான், ஆனால் எல்லாரும், எல்லா ஆண்டும். எனக்கு அந்த வழிதான் பிடிக்கும். குலுக்கல் சீட்டு விற்று அலுத்துப்போனவன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புது_ஏப்ரன்:
சேர்ந்து ஒன்றரை வருடம் ஆன ஆள் சொல்கிறேன். முதல் டிகிரியில் தானம் கேட்பார்கள், கையில் ஒரு காசு இருக்காது, விழித்துக்கொண்டு நிற்போம் (இதற்கு மேல் சொல்ல மாட்டேன்). அது மனதில் நின்றுவிட்டது. ஆனால் அதற்கப்புறம் ஆறு மாதம் யாரும் எனக்கு ஒரு வேலையும் தரவில்லை, விருந்து முடிந்ததும் நாற்காலி அடுக்கியதோடு சரி. விட்டுவிடலாம் என்று இருந்தபோதுதான் ஆல்மனர் (உதவி தேவைப்படும் சகோதரர்களையும் அவர்கள் குடும்பங்களையும் கவனிக்கிறவர்) ஒரு நாள் கூட வரச் சொன்னார், மறைந்துபோன ஒரு சகோதரரின் மனைவியைப் பார்க்க. அந்த அம்மாவுக்குப் பணம் தேவைப்படவில்லை. காதுக் கருவிக்கு பேட்டரி மாற்ற வராமல் மூன்று வாரமாக அதை மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தார். இரண்டு நிமிட வேலை, மாற்றிக் கொடுத்தேன். இப்போது மாதம் ஒருமுறை நான்தான் போகிறேன். உங்கள் ஏழு பேரில் யாரையாவது ஆல்மனர் கூட்டிப்போயிருக்கிறாரா?

செயலாளர்_பாடு:
இல்லை. பதிவேட்டையும் இன்றைக்குத்தான் புரட்டினேன், ஏழில் நான்கு பேர்தான் கடைசி மூன்று கூட்டங்களுக்கும் வந்திருக்கிறார்கள். பெரிய காசோலையும் ஒன்று இருக்கிறது. இரண்டையும் அறிக்கையில் அப்படியே போடுகிறேன், மாஸ்டர் முகம் சுளித்தாலும் சரி. வராத மூவரில் ஒருவருக்கு இப்போதே போன் போட்டேன். "கூட்டத்துக்கு அழைப்பே வருவதில்லையே சார்" என்கிறார். அழைப்பு அனுப்புகிறவன் நான்தான்.