புதுப்பிப்பு: 45 வயதில் அரை மாரத்தான்

"45 வயதில் 21.1 கிலோமீட்டர் ஓடப் பழகலாமா?" என்று முன்பு கேட்டிருந்தேன். ஓடி முடித்துவிட்டேன்! கடிகாரத்தை விட்டுவிட்டு மூச்சைக் கவனிக்கச் சொன்னவர்களுக்கு முதல் நன்றி. சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடற்சூடு தணியாமல் இதயத்துடிப்பு ஏறிவிடுகிறது. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் கைகொடுத்தது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைத் தாண்டியதும் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது, நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. அப்போதும் நிற்கத் தோன்றவில்லை. இத்தனை பிடிவாதம் எனக்குள் இருப்பது எனக்கே புதிது. வீடு, அலுவலகம் தவிர எனக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது. அதை விடுவதாக இல்லை. அடுத்து முழு மாரத்தான், 42.195 கிலோமீட்டர். விடியலுக்கு முன் பெசன்ட் நகர் பக்கம் ஓடுகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்துகொள்கிறேன்.