சமாதானம் ஆன பிறகும் திரும்பி வந்த சண்டைகள்: உங்கள் அனுபவம்?

நடுவர்கல்:
இரண்டு ஷிப்ட் சூப்பர்வைசர்கள். "மெஷினைத் துடைக்காமலே போய்விடுகிறார்" என்று ஒருவர்மேல் ஒருவர் புகார். உட்கார வைத்துப் பேசி, கைகுலுக்கவும் வைத்தாயிற்று. மூன்றாவது வாரமே பழைய சத்தம். பிறகுதான் உற்பத்திப் பதிவேட்டைப் புரட்டினோம். ஒரு ஷிப்ட் 2 மணிக்கு முடிகிறது, அடுத்தது அதே 2 மணிக்குத் தொடங்குகிறது. துடைக்க 20 நிமிடம் ஆகும். அந்த 20 நிமிடம் யார் கணக்கிலும் இல்லை! யார் துடைக்கிறாரோ அவருக்கு எண்ணிக்கை குறையும், ஊக்கத்தொகை போகும். அந்த இடத்தில் எந்த இருவரை வைத்தாலும் சண்டை வந்திருக்கும். அவர்கள் குணத்தைப் பற்றிப் பேசியே எவ்வளவு நாள் வீணானது!

ஏரிக்கரை:
அம்மாவின் மருத்துவச் செலவு பற்றி அக்காவும் தம்பியும். கணக்கைப் பாதிப்பாதியாகப் பிரித்தும் அக்கா கையெழுத்துப் போடவில்லை. "ராத்திரி கண்விழிக்கிறியே, தூங்கினியான்னு ஒருநாள் கேட்டானா?" என்றார். அறையே அமைதியாகிவிட்டது. ஐந்து முறை "ஏன்" என்று கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

தெளிநீர்:
ஏரிக்கரை, இதை ஏற்க மாட்டேன். ஐந்து "ஏன்" டொயோட்டா தொழிற்சாலையில் பழுதின் காரணம் தேடப் பயன்பட்ட முறை. இயந்திரம் கோபித்துக்கொள்ளாது. மனிதரிடம் இரண்டாவது "ஏன்" வந்ததுமே விசாரணை போலாகிவிடும், தன்னை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார். "இது கிடைக்காவிட்டால் உங்களுக்கு என்ன போகும்?" என்று கேளுங்கள். முதலில் தனித்தனியாக, ஆளுக்கு அரை மணி நேரமாவது. கடைசி மூன்று தகராறுகளின் தேதி, நேரம், கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். சண்டை வராத நாட்களையும் கேளுங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான். நடுவர்கல் சொன்ன ஷிப்ட் விஷயத்தில், மெஷின் ஓடாத நாளில் சண்டையே வந்திருக்காது.

கோரிக்கை வேறு, தேவை வேறு. 1978இல் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் நடந்த சமாதானப் பேச்சில், எகிப்து, இஸ்ரேல் இரண்டுக்குமே சினாய் வேண்டும்; 1967 போரில் எகிப்திடமிருந்து இஸ்ரேல் பிடித்த நிலம் அது. வரைபடத்தில் எங்கே கோடு போட்டாலும் ஒத்துவராது. ஆனால் எகிப்துக்கு வேண்டியது மண்ணின்மீது உரிமை, இஸ்ரேலுக்கு வேண்டியது எல்லையில் பாதுகாப்பு. நிலம் எகிப்துக்குத் திரும்பியது, அங்கே படை வைக்கக் கட்டுப்பாடு வந்தது. 1979இல் உடன்படிக்கை.

இன்னொன்று. காரணம் பிடிபட்டதும் தீர்ப்பு மாதிரி அறிவித்துவிடாதீர்கள். "நான் புரிந்துகொண்டது சரியா?" என்று இருவரிடமும் தனியே சொல்லிப் பாருங்கள். திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தில்தான் விஷயம் இருக்கும்.