70 ஆயிரத்துக்கு கிராபிக்ஸ் கார்ட்: புது 3050ஆ, பாவிச்ச 6600ஆ?

அலஸ்தோட்டம்
எல்லாருக்கும் வணக்கம். ஒண்டரை வருசமா டியூஷன் குடுத்துச் சேர்த்த 70 ஆயிரம் கையில இருக்கு. அதுக்கு மேல ஏலாது.

இப்ப இருக்கிறது ஐ5 9400எஃப், 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி. மொனிட்டர் 1080பி, 75 ஹேர்ட்ஸ். வலோரண்ட், ஜிடிஏ 5 எல்லாம் வடிவா ஓடுது. புதுசா வாறதுகள்தான் பிரச்சினை. டூம் த டார்க் ஏஜஸ், ரே ட்ரேசிங் (வெளிச்சம் நிழலை நிசம் மாதிரிக் காட்டுற வசதி) உள்ள கார்ட் இல்லாட்டித் தொடங்கவே மாட்டுது. அதோட என்விடியா, என்ர 1050 டிஐ சேர்ந்த 10 சீரிஸ் கார்ட்டுகளுக்குப் புது கேம் டிரைவர் விடுறதை 2025 ஒக்டோபரோட நிப்பாட்டிப்போட்டுது. இனிப் பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.

திருகோணமலை டவுனில ஒரு கடையில புது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 69 ஆயிரம், 2 வருச வாரண்டி. கிண்ணியாவில ஒருத்தர் பாவிச்ச ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி வச்சிருக்கிறார், 58 ஆயிரம் சொல்றார், வாரண்டி முடிஞ்சுது. எங்கட வீட்டு முத்தத்தில நிண்டா கடல் தெரியும். எதை எடுக்கிறது?

டைக்வீதி
தம்பி, கடல் தெரியுற வீடு எண்டு நீங்களே சொல்லிப்போட்டீங்கள். புதுசையே எடுங்கோ.

நான் 2022 கடைசியில பாவிச்ச கார்ட் ஒண்டு எடுத்தன். அந்த செப்டெம்பரிலதான் எதீரியம் எண்ட டிஜிட்டல் காசுக்கு கார்ட்டுகளால மைனிங் செய்யிறது நிண்டது, கார்ட்டுகள் சந்தைக்கு வந்து குவிஞ்ச நேரம். வெளியால பார்த்தா புதுசு மாதிரி. ஏழு மாசத்தில திரையில பச்சைக் கோடு விழத் தொடங்கி, ஒரு நாள் ஒண்டுமே வரேல்லை. கழட்டிப் பார்த்தா ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில உப்புப் படிஞ்சு வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கிடக்கு. மெமரிக்கு மேல இருந்த பேட் காஞ்சு, விரலால தொட உதிருது. வித்தவர் போனை எடுக்கேல்லை.

இன்னொண்டு. உங்கட 9400எஃப்பில உள்ளுக்கு கிராபிக்ஸ் இல்லை. கார்ட் போனா கேம் மட்டும் போகாது, மெஷினே குருடு. படிப்பிக்கிற ஆளுக்கு அது சரிவருமா?

கச்சான்காத்து
அண்ணாக்கு நடந்ததுக்குக் கவலை. ஆனா தம்பிக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விசயத்தை நீங்கள் சொல்லேல்லை: 3050 எண்ட பேரில ரெண்டு கார்ட் இருக்கு. 2022இல வந்தது 8 ஜிபி, மெமரிப் பாதை 128 பிட். 2024இல வந்த இந்த 6 ஜிபி, 96 பிட். கோர் எண்ணிக்கையும் 2560இல இருந்து 2304 ஆகக் குறைஞ்சுது. பெட்டியில பெரிசா அதே 3050 எண்டுதான் போட்டிருப்பினம். சனம் இணையத்தில 3050 எண்டு தேடி, 8 ஜிபி கார்ட்டின்ர வீடியோவைப் பார்த்துப்போட்டு 6 ஜிபியை வாங்கிக்கொண்டு வீட்ட போகுது. எனக்கு இதில உண்மையாவே கோவம்.

6600 அதைவிடக் கிட்டத்தட்ட ஒண்டரை மடங்கு ஓடும், மெமரியும் 8 ஜிபி. உங்கட மதர்போட்டில கார்ட் மாட்டுற ஸ்லொட் பழைய பிசிஐ 3.0 தான், 6600 அதில எட்டு லேன் (தரவு போற பாதை) மட்டும் பாவிக்கிற கார்ட், அதால சின்னக் குறைச்சல் வரும். பொருட்படுத்த வேண்டாம். 69 ஆயிரம் குடுத்து அந்த 6 ஜிபியை எடுத்தா ரெண்டு வருசத்தில திருப்பி இங்க வந்து இதே கேள்வி கேப்பீங்கள்.

டைக்வீதி
மொனிட்டர் 75 ஹேர்ட்ஸ். அதுக்கு மேல வாற ஃபிரேம் கண்ணுக்குத் தெரியாது. 3050இல டிஎல்எஸ்எஸ் (சின்னதாக் கீறின படத்தைப் பெரிசாக்கி ஃபிரேம் கூட்டுற வசதி) இருக்கு, 1080பியில ஏஎம்டியின்ர எஃப்எஸ்ஆரை விடப் படம் தெளிவு. டிரைவரைப் பற்றியும் கதைப்பம். 6600 ஐச் செய்யிற ஏஎம்டி 2025 கடைசியில 5000, 6000 சீரிஸ் ரெண்டையும் தனி டிரைவர்க் கிளையில போட்டது. சனம் சத்தம் போட்ட பிறகுதான் புது கேம்களுக்கும் ஆதரவு தொடரும் எண்டு விளக்கம் சொன்னவை.

எல்லாத்தையும் விட வாரண்டி. பாவிச்ச கார்ட்டுக்கு ஆர் பொறுப்பு?

கச்சான்காத்து
டிஎல்எஸ்எஸ் நல்லது, ஒத்துக்கொள்ளுறன். 75 ஹேர்ட்ஸ் கதை பிழை. புது கேம்களில 75 வருதா எண்டதுதான் கேள்வி, 150 வருதா எண்டதில்லை. 3050 6 ஜிபியில கனக்க கேம் 40, 50இல நிக்கும்.

வாரண்டியைப் பற்றி எனக்கு நடந்ததைச் சொல்லுறன். புதுசா வாங்கின கார்ட், பதினாலாம் மாசம் ஒரு ஃபான் நிண்டுது. இங்க வாங்கின கடை கொழும்புக்கு அனுப்பினது. ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பி வந்த பெட்டியில ஒரு துண்டு: போர்ட்டில கறள், வாரண்டி செல்லாது. நான் வாரண்டிக் கார்ட்டை அதுக்குப் பிறகுதான் முழுசா வாசிச்சன். கறள், எரிஞ்ச அடையாளம், தண்ணி பட்டது மூண்டுக்கும் பொறுப்பில்லை எண்டு தெளிவா எழுதி இருந்தது. எந்த உப்புக்காத்துக்குப் பயந்து வாரண்டி எடுக்கச் சொல்றீங்களோ, அதே உப்புக்காத்துத்தான் வாரண்டியை இல்லாமல் ஆக்குது அண்ணா.

பாலையூற்று
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மின்வேலை செய்கிறவன். இவ்வளவு நேரமும் கார்ட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, உங்கள் பவர் சப்ளை எது? கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி, அதில் ஒட்டியிருக்கும் லேபிளில் +12வி என்ற வரிக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று எழுதுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வாட் கணக்கு எனக்கு வேண்டாம்.

அலஸ்தோட்டம்
ஐயா, இப்பதான் கழட்டிப் பார்த்தன். கேசிங்கோட சும்மா வந்த சப்ளை. பெரிசா 500 வாட் எண்டு கிடக்கு. +12வி க்குக் கீழ 16ஏ. ஒரு கையால தூக்கினா பால்மா டின் அளவுதான் பாரம். ஆறு பின், எட்டு பின் வயர் ஒண்டும் இல்லை.

ஆரோ இன்டெல்லின்ர பி580 கார்ட் எடுக்கச் சொல்லித் தனி மெசேஜ் போட்டிருந்தவை. அது சரிவருமா?

பாலையூற்று
12ஐ 16ஆல் பெருக்குங்கள். 192 வாட். கார்ட்டும் பிராசசரும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். 6600க்கு 132, உங்கள் பிராசசருக்கு 65, இரண்டும் 197. ஃபானும் டிஸ்க்கும் கணக்கில் இன்னும் சேரவில்லை. 500 என்று அச்சடித்திருப்பது வெறும் அச்சு. பழைய மோலெக்ஸ் வயரில் இருந்து எட்டு பின்னுக்கு மாற்றுகிற அடப்டர் மலிவாகக் கிடைக்கும், தயவுசெய்து தொடாதீர்கள். அந்த வெள்ளைச் சொக்கெட் உருகி ஒட்டிப்போனதை என் கையால் வெட்டி எடுத்திருக்கிறேன்.

பி580 க்கு ரீசைசபிள் பார் (கார்ட்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுகும் வசதி) வேண்டும். உங்கள் காலத்துப் போட்டுகளில் பெரும்பாலும் இல்லை. அதோடு பழைய பிராசசரில் அந்தக் கார்ட் தடுமாறும். விடுங்கள்.

டைக்வீதி
ஐயா சொன்னதோட விசயம் முடிஞ்சுது. 3050 6 ஜிபி 70 வாட் மட்டும், ஸ்லொட்டில இருந்தே கரண்ட் எடுக்கும், வயரே தேவையில்லை. இப்ப இருக்கிற 1050 டிஐ 75 வாட். அதை இத்தனை வருசம் ஓட்டின சப்ளை இதையும் ஓட்டும். 6600 எண்டா 58 ஆயிரத்துக்கு மேல சப்ளைக்கும் காசு. தம்பியிட்ட இருக்கிறது 70.

பாலையூற்று
ஓட்டும் என்பது சரி. ஆனால் நல்ல சப்ளையில் மின் அழுத்தம் கூடினால் தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்புகள் இருக்கும். இந்த எடையில் உள்ளவற்றில் நான் திறந்து பார்த்தவரை அவை இருந்ததில்லை. 2025 பெப்ரவரி 9 நாடு முழுவதும் கரண்ட் போய் வந்த கிழமை, இதே மாதிரி மூன்று சப்ளைகள் என் மேசைக்கு வந்தன. ஒன்று போகும்போது மதர்போட்டையும் கொண்டு போயிருந்தது. 69 ஆயிரம் ரூபாய்ப் புதுச் சாமானை அதிலா மாட்டப் போகிறீர்கள்? எந்தக் கார்ட் எடுத்தாலும் முதலில் சப்ளை.

கச்சான்காத்து
அப்ப கணக்கு மாறுது. 550 வாட் பிரொன்ஸ் தரச் சப்ளை ஒண்டு 19,500க்கு எடுக்கலாம், நான் போன மாசம் எடுத்தது. 3050 எண்டா மொத்தம் 88,500. 6600 எண்டா 77,500, விலை பேசலாம், 1050 டிஐயையும் விக்கலாம்.

பாலத்தடி
கிண்ணியாவில இருந்து எழுதுறன். அந்த 6600 ஆர்ட எண்டு தெரியும், ஒரே ஆள்தான் பாவிச்சது. எண்டாலும் என்ட சொல்லை நம்பி எடுக்க வேணாம் தம்பி, நேர வந்து பாருங்க. பின்பக்கத் தகட்டையும் அதுட ஸ்குரூவையும் முதல்ல பாருங்க, கறள் அங்கதான் தொடங்கும். டோர்ச் அடிச்சு தகடுகளுக்கு நடுவில பாருங்க. எட்டு பின் சொக்கெட் மண்ணிறமா மாறி இரிக்கா எண்டு பாருங்க. சிப்பைச் சுத்தி பசை மாதிரி மினுங்கினா ஆரோ ஹீட் கன் பிடிச்சிருக்காங்க, திரும்பி வந்திருங்க. எல்லாம் சரியெண்டா ஃபர்மார்க் (கார்ட்டை முழுசா வேலை வாங்கிப் பாக்கிற புரோகிராம்) 20 நிமிசம் ஓட விடுங்க, ஹொட் ஸ்பொட் (சிப்பில ஆகச் சூடான இடம்) எவ்வளவு ஏறுது எண்டு பாத்து எழுதி வைங்க. ஃபானை நிப்பாட்டிக் கையால ஒருக்காச் சுத்திப் பாருங்க, கரகரக்கப்படாது.

அலஸ்தோட்டம்
நேற்றுப் பின்னேரம் போய்ப் பார்த்தன். பாலத்தடி நானாவும் வந்து நிண்டவர், பெரிய உதவி. தகட்டில ஒரு ஸ்குரூத் தலை மட்டும் கறுத்திருந்தது, மற்றது சுத்தம். 20 நிமிசத்தில கார்ட் 69 பாகை, ஹொட் ஸ்பொட் 85. கோடு, புள்ளி ஒண்டும் விழேல்லை. ஸ்குரூவைக் காட்டி 54 ஆயிரத்துக்குக் கேட்டன், தந்தவர்.

சப்ளை கொழும்பில இருந்து வெள்ளிக்கிழமை பஸ்ஸில வருது. 3,500 துண்டு விழுந்தது. 1050 டிஐயை சாம்பல்தீவில ஒருத்தர் 14 ஆயிரத்துக்குக் கேட்டு முற்பணம் தந்திட்டார். அவருக்கும் சப்ளையின்ர லேபிளைப் பார்க்கச் சொன்னன். வாங்கின 6600 இப்போதைக்குப் பெட்டிக்குள்ள கிடக்கு, பழைய சப்ளையில மாட்ட மாட்டன் ஐயா.

டைக்வீதி
நான் சொன்னதை இன்னும் மாத்தேல்லை தம்பி. வாரண்டி இல்லாத சாமானை எங்கட கரையில எடுக்கிறது எனக்கு ஒத்துவராது. ஆனா எடுத்தாச்சு, இனிக் காப்பாத்துங்கோ. மெஷினை யன்னலடியில வைக்காதேங்கோ. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில தூசு, மாசம் ஒருக்கா ஊதிவிடுங்கோ. கார்த்திகை, மார்கழி மழைக்குள்ளதான் கூடக் கவனம். கிழமைக்கணக்கா நிப்பாட்டி வைச்சா ஈரம் உள்ளுக்கு இறங்கும். கேம் விளையாடாட்டியும் ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் போட்டு விடுங்கோ, அந்தச் சூட்டில ஈரம் நிக்காது. அந்தக் கறுத்த ஸ்குரூவை மட்டும் இப்பவே மாத்துங்கோ. என்னட்ட ஸ்டெயின்லஸ் ஸ்டீலில கிடக்கு, டவுனுக்கு வந்தா வந்து எடுங்கோ.