ரொட்டர்டாம் நிதிக்கு விண்ணப்பித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். கொட்டாஞ்சேனையில் விடிய மூன்று மணிக்கு எழும்பி, கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கும் ஒரு அம்மாவைப் பற்றி முழுநீளத் திரைக்கதை ஒன்றின் முதல் வரைவை எழுதி வைத்திருக்கிறேன். நெதர்லாந்தின் ரொட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதிக்கு அனுப்ப விருப்பம். இந்த நிதி 1988இல் தொடங்கியது. ஆசியா, ஆபிரிக்கா, லத்தீன் அமெரிக்கா பக்கத்துச் சுயாதீன இயக்குநர்களுக்குத் திரைக்கதை நிலையிலேயே கைகொடுக்கிறார்கள், அதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் இங்கே யாரிடம் போனாலும் முதல் கேள்வி யார் நடிக்கிறார்கள் என்பதுதான். 2021இல் அந்த விழாவின் டைகர் விருது ஒரு தமிழ்ப் படத்துக்குக் கிடைத்ததிலிருந்தே எனக்கு இந்த ஆசை.

சிக்கல் மொழிபெயர்ப்பில். அந்த அம்மா முதலாளியிடம் சிங்களத்தில் பணிவாகக் கணக்குச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் திரும்பி மகளைத் தமிழில் ஏசுவார். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டும் ஒரே குரலாகிவிடுகிறது, படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

மூன்று மொழியும் தெரிந்த அண்ணாமார், அக்காமார் யாராவது பத்துப் பக்கம் வாசித்துப் பார்ப்பீர்களா? அப்புறம், இப்படியான நிதிக்கு வரவுசெலவுத் திட்டம் போட்ட அனுபவம் உள்ளவர்களும் சொல்லுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை, எங்கே என்றாலும் நானே அச்செடுத்துக்கொண்டு வருகிறேன்.