ஆதார் எண்ணை ஹேஷ் போட்டு பிளாக்செயினில் ஏற்றினால் பாதுகாப்பா?

பாமணிக்கரை:
மன்னார்குடிப் பக்கம் ஒரு உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் கணக்கும் கணினி வேலையும் பார்க்கிறேன். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி மூட்டைகளில் க்யூஆர் ஒட்டி விற்கிறோம். ஸ்கேன் செய்தால் எந்த வயலில் விளைந்தது என்று காட்டும். பதிவெல்லாம் பாலிகான் என்ற, யாரும் பார்க்கக்கூடிய பொது பிளாக்செயினில். செய்து கொடுத்தவர்கள், "ஆதாரை அப்படியே போடவில்லை, அதைக் கலக்கி எடுத்த எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் குறியீடுதான், யாராலும் திருப்ப முடியாது" என்கிறார்கள். செயின் பதிவுகளைக் காட்டும் எக்ஸ்புளோரர் தளத்தில் ஒரு பதிவைத் திறந்தால் 64 எழுத்து ஹேஷ், ஊர், புல எண், ரகம், கிலோ, விலை எல்லாம் தெரிகிறது. "இதை வைத்து என்னைக் கண்டுபிடிக்கலாமா?" என்று ஒரு உறுப்பினர் கேட்கிறார். என்ன சொல்வது?

குடந்தை நிரலர்:
கண்டுபிடிக்கலாம் என்றே சொல்லுங்கள். ஹேஷைத் திருப்ப முடியாதுதான், ஆனால் திருப்பவே வேண்டாமே! ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே ஹேஷ்தான் வரும்; எல்லா எண்களுக்கும் ஹேஷ் போட்டு ஒப்பிட்டால் போதும். ஆதாரின் 12 இலக்கத்தில் முதல் இலக்கம் 0, 1 வராது. கடைசி இலக்கம் மற்ற 11-ஐ வைத்துக் கணக்கிடும் சரிபார்ப்பு இலக்கம். மிச்சம் 8,000 கோடி வாய்ப்புகள். கேம் ஆட வாங்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டே விநாடிக்குப் பல நூறு கோடி ஹேஷ் போடும். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

வெண்ணாறு:
ஆதார் வரைக்கும் ஏன் போக வேண்டும்? வட்டம், ஊர், புல எண், உட்பிரிவு இருந்தால் அரசு இணையத்தளத்தில் பட்டா பார்த்தே பெயரை எடுத்துவிடலாம். அப்புறம் அந்தக் கிலோவும் விலையும்! போன போகம் எத்தனை மூட்டை, என்ன விலைக்கு விட்டார் என்பதைத் தெரிந்துகொண்டுதான் வியாபாரி களத்துக்கே வருவார். பேரம் அங்கேயே போச்சு. எங்கள் ஊரில் ஆதாரைவிட இதைச் சொன்னால்தான் ஆட்கள் கொதிப்பார்கள்.

பாமணிக்கரை:
உட்பிரிவும் இருக்கிறது அண்ணே. சால்ட் (ஹேஷ் போடுமுன் எண்ணோடு சேர்க்கும் ரேண்டம் எழுத்துகள்) சேர்த்து மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். பழையதை அழித்துவிட முடியுமா?

குடந்தை நிரலர்:
முடியாது. காண்ட்ராக்டில் (செயினில் ஓடும் நிரல்) டெலீட் எழுதினாலும் இப்போதைய நிலைதான் மாறும். பழைய பரிவர்த்தனை அப்படியே கிடக்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையைச் சொல்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான். அதனால் புதிய காண்ட்ராக்டில் ஆதார் எந்த வடிவத்திலும் வேண்டாம். ஒவ்வொரு மூட்டைத் தொகுப்புக்கும் ஒரு ரேண்டம் எண் கொடுத்து, அது யாருடையது என்பதை உங்கள் டேட்டாபேஸில் மட்டும் வையுங்கள். ஒரே ஆளுக்கு ஒரே எண் என்று வைத்தால் அவருடைய விற்பனை முழுக்க ஒரே இழையில் கோத்துவிடும். வாங்குபவருக்கு ஊர்ப் பெயர் போதும். கிலோ, விலையெல்லாம் உள்ளே இருக்கட்டும். அன்றைய பதிவுகளின் மெர்க்கிள் ரூட்டை (எல்லாவற்றின் ஹேஷையும் சேர்த்துச் சுருக்கிய ஒற்றை ஹேஷ்) மட்டும் செயினில் ஏற்றுங்கள். சால்ட் போடுவதென்றால் பதிவுக்குப் பதிவு தனித்தனி, செயினுக்கு வெளியே. எல்லாருக்கும் ஒரே சால்ட், அதுவும் காண்ட்ராக்ட் கோடிலேயே என்றால் வீண்.

திருவாரூர் மாணவன்:
ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் மாதிரி, அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் தனிச் செயினுக்குப் போகலாமே?

குடந்தை நிரலர்:
போகலாம் தம்பி, வெளியாள் பார்க்க முடியாது. ஆனால் அதில் தனித் தரவு வைத்தாலும் அதன் ஹேஷ், சேனலில் (உறுப்பினர்களின் குழு) எல்லாரும் பகிரும் லெட்ஜரில் ஏறும். சால்ட் இல்லையென்றால் சேனலில் இருக்கும் மற்றவர்கள் இதே கணக்கைப் போடுவார்கள்.

வெண்ணாறு:
காண்ட்ராக்டின் தனிச்சாவி (பதிவு ஏற்றக் கையெழுத்திடும் ரகசியச் சாவி) யாரிடம் இருக்கிறது?

பாமணிக்கரை:
செய்து கொடுத்தவர்களிடம்தான்.

வெண்ணாறு:
அப்படியென்றால் உங்கள் கம்பெனி பெயரில் அவர்கள் எதை வேண்டுமானாலும் எழுதலாம். புதியதில் இயக்குநர்கள் மூவரில் இருவர் கையெழுத்து போட்டால்தான் ஏறும்படி மல்டிசிக் கேளுங்கள்.

பாமணிக்கரை:
சரி அண்ணே. க்யூஆர் பதிவு ஏற்றுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். பழைய பதிவில் இருக்கும் உறுப்பினர்களிடம் விஷயத்தைச் சொல்லி, எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிக் கொடுக்கப் போகிறோம்.