கான்வாஸ் ஷூவில் அடிக்கும் பெயிண்ட் வெடிக்காமல் இருக்க என்ன வழி?

கேள்வி – இலைக்கொடி
நிறம் மங்கிய வெள்ளை கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி, செயற்கைத் தோல் ஷூ ஒரு ஜோடி இருக்கின்றன. இரண்டிலும் கொடியும் இலையுமாக வரைய வேண்டும். கையில் இருப்பது படம் வரையும் சாதாரண அக்ரிலிக் பெயிண்ட். துண்டுத் துணியில் அடித்துப் பார்த்தால், காய்ந்ததும் அட்டை மாதிரி விறைத்து, மடித்த இடத்தில் வெடிக்கிறது. ஃபேப்ரிக் மார்க்கரில் கோடு போட்டால் மை கசிந்து ஓரம் பிசிறடிக்கிறது. ரப்பர் ஓரம் வேறு மஞ்சளாகிவிட்டது. அதை வெள்ளை பெயிண்டால் மறைக்கலாமா?

தூரிகை
முதலில் கான்வாஸ். சாதாரண அக்ரிலிக்கோடு ஃபேப்ரிக் மீடியம் (துணியில் அடிக்கும் பெயிண்டில் கலக்கும் திரவம்) கலந்தால்தான் அது துணியோடு சேர்ந்து வளையும். பெயிண்ட் 2 பங்கு, மீடியம் 1 பங்கு என்று தொடங்குங்கள். புட்டியில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. நீர்க்கத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெயிண்டின் பிடிப்பு குறையும், ஓரமும் பரவும்.

லேஸ், உள் அட்டை இரண்டையும் எடுத்துவிட்டு மென்மையான சோப்புத்தூளில் கழுவுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். அதன் வழுவழுப்பில் பெயிண்ட் ஒட்டாது. உள்ளே வரை நன்றாகக் காய்ந்த பிறகு காகிதத்தைக் கெட்டியாகத் திணித்து, ரப்பர் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

முதல் பூச்சில் துணியின் இழை தெரியும், திட்டுத்திட்டாகவும் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். அங்கே பொறுமையிழந்து கெட்டியாக அப்புவதுதான் வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பின் அடுத்தது. மெல்லிய பூச்சு 2 அல்லது 3 போதும். கடைசிப் பூச்சு லேசான ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரியுங்கள். முழுக்கக் காய்ந்துவிட்டால் பெயிண்டின் ஓரமும் கூடவே கிழிந்து வரும்.

24 மணி நேரம் கழித்து, ஹேர் டிரையரை அசைத்துக்கொண்டே ஒவ்வொரு பகுதிக்கும் 3 முதல் 5 நிமிடம் சூடு காட்டுங்கள். ரப்பர் சேரும் இடத்தில் மட்டும் நிறுத்திப் பிடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் பசை இளகி ஓரம் பிரிந்துவிடும்.

மசிக்கோடு
மை கசிவது இழைகளுக்கு நடுவே அது உறிஞ்சப்படுவதால். வரையப்போகும் இடத்தில் நிறம் கலக்காத மீடியத்தை ஒரு கை மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, அதன் மேல் வரையுங்கள். இழை இடுக்குகள் அடைபட்டுவிடும். மார்க்கரை ஒரே இடத்தில் ஊன்றி நிறுத்தக் கூடாது. வெளிர் நிறங்கள் முதலில், கறுப்பு ஓரக்கோடு கடைசியில். மேலே பாதுகாப்புப் பூச்சு தருவதானால் ஸ்பிரேதான் நல்லது. தூரிகையால் தேய்த்தால் கோடு இழுபடும். சில ஸ்பிரேக்கள் மையைக் கரைக்கும் என்பதால், துண்டுத் துணியில் அடித்துப் பார்க்காமல் ஷூவில் அடிக்காதீர்கள்.

தோல்வண்ணம்
செயற்கைத் தோலுக்கு அசிட்டோன் வேண்டாம். அசல் தோலின் மேல்பூச்சை எடுக்கத்தான் அது. செயற்கைத் தோலில் மேற்பரப்பே கரைந்து பிசுபிசுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு லேசாகத் துடைத்து, எண்ணெய்ப் பசையை எடுத்தால் போதும். அதையும் முதலில் லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்குப் பகுதியின் உட்புறத்தில் சோதியுங்கள்.

இங்கே ஃபேப்ரிக் மீடியம் உதவாது; தோலுக்கென்றே வரும் அக்ரிலிக் பெயிண்ட் வாங்குங்கள். 3 அல்லது 4 மெல்லிய பூச்சு, நடுவில் 15 முதல் 20 நிமிடம் இடைவெளி. வரையும் முன் ஷூவைக் கையால் வளைத்து, மடிப்பு விழும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். இலைகளைப் பக்கவாட்டிலும் குதிகாலிலும் வைத்து, மடிப்பைத் தாண்டுவதற்கு மெல்லிய கொடியை மட்டும் விடுங்கள்.

ரப்பர் ஓரத்தில் பெயிண்ட் அடிக்காதீர்கள், உரிந்து வரும். தலைமுடி வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைக் கையுறையோடு ஓரத்தில் மட்டும் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, 2 முதல் 4 மணி நேரம் வெயிலில் வையுங்கள். தாள் விலகிக் கிரீம் காய்ந்தால் கோடு கோடாக வெளுக்கும். வரைவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். கிரீம் பட்டால் நிறம் போகும்.

இலைக்கொடி
நன்றி. வரைந்த ஷூவை இயந்திரத்தில் துவைக்கலாமா?

தூரிகை
கூடாது, உரசலிலேயே ஓரம் தேயும். சூடு காட்டியபின் ஒரு வாரம் தண்ணீர் படாமல் வையுங்கள். பிறகு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். லேஸை மட்டும் கழற்றித் தனியாகத் துவைக்கலாம்.